பொங்கலுக்கு ஒரு கொடுவாள்: வாங்கிக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

மார்கழி, தை மாதங்களில் சேலம், நாமக்கல் வட்டாரத் தோட்டங்களில் இரும்புக்கு ஓய்வு இல்லை. மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டு நடக்கிறது. ஆத்தூர், ராசிபுரம் காடுகளில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, அடுத்த நடவுக்குக் கரணை வெட்ட வேண்டியிருக்கிறது. காவிரிக் கரையில் வாழைத்தார் இறங்குகிறது. வேலி முள் வெட்டுவதும், ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும், தென்னை மட்டை கழிப்பதும் ஆண்டு முழுவதும் உள்ள வேலைகள். இத்தனைக்கும் விவசாயியின் கையில் இருப்பது ஒரு கொடுவாள்தான்.

பொங்கலுக்கு வேட்டி, சேலை எடுத்துக் கொடுப்பது எல்லோரும் செய்வது. தனியாகப் பண்ணையம் தொடங்கும் மகனுக்கும், வயதான பிறகும் காட்டுக்குப் போவதை விடாத தகப்பனாருக்கும், ஆண்டு முழுவதும் தோட்டத்தில் உழைத்த ஆளுக்கும் நல்ல கொடுவாள் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் அது பத்து, பதினைந்து ஆண்டு அவர்கள் கையில் இருக்கும். எடுக்கும் போதெல்லாம் கொடுத்தவரின் நினைவு வரும். ஆனால் சந்தையில் பளபளப்பைப் பார்த்து அவசரமாக வாங்கிய கொடுவாள் முதல் வாரத்திலேயே வாய் மடங்கிப் போகும். அல்லது பிடி கழன்று பறக்கும். அப்படிப் பறக்கும் இரும்பு யார் காலில் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே பரிசுக்கு வாங்குவதானாலும், பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த மண்ணின் இரும்பு

இரும்பு என்பது இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல. சேலத்துக்கு அருகே உள்ள கஞ்சமலையின் கருநிறக் கல், காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980-களில் தொடங்கிய அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கிடைத்தன. சங்க காலத்திலேயே கொங்கு நாட்டில் உருக்குத் தொழில் நடந்தது என்பதற்கு அவை சான்று.

அந்தத் தொழில் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு வரை சேலம் வட்டாரத்தில் உயிரோடு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அதை நேரில் பார்த்து 1839-இல் எழுதி வைத்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மண் மூசையில் இட்டு, அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங் கட்டையைத் துண்டாக்கிச் சேர்த்து, மேலே எருக்கு போன்ற பச்சை இலைகளை வைத்து, களிமண்ணால் மூடிச் சூளையில் ஊதினார்கள். ஆவாரங் கட்டையின் கரி இரும்பில் இறங்கியது. மெத்தென்ற இரும்பு உருக்காக மாறியது. பொங்கலுக்கு வீட்டிலும் காட்டிலும் காப்புக் கட்டும் அதே ஆவாரஞ் செடிதான் அன்று உருக்குக்கும் உதவியது.

ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை அமைத்தார். சேலம் பகுதித் தாதுதான் அதற்கு ஆதாரம். எரிக்க மரக்கரி போதவில்லை, செலவும் கட்டுப்படவில்லை, அந்த ஆலை நிலைக்கவில்லை. மேல்நாட்டு இரும்பு மலிவாக வந்து இறங்கவே, நாட்டு உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனால் இரும்பை அடித்துக் கருவி செய்யும் கொல்லுப் பட்டறை மட்டும் ஊர்களில் தங்கிவிட்டது.

இந்த வரலாற்றில் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இரும்பு வேறு, உருக்கு வேறு. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் கொஞ்சம் கரிதான். வீடு கட்டும் கம்பியில் கரி நூற்றுக்குக் கால் பங்கு அளவுதான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வெட்டுவாய்க்கு வேண்டிய கடினம் ஏறாது. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கரி உள்ள உருக்கே கொடுவாளுக்கு ஏற்றது.

எவர்சில்வர் ஏன் வேண்டாம்?

சேலம் உருக்காலை 1982-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் எவர்சில்வர் தகடு நாடெங்கும் பாத்திரங்களாகப் பயன்படுகிறது. சேலத்து உருக்கு என்ற பேரைக் கேட்டு, எவர்சில்வரில் அரிவாள் செய்தால் துருப்பிடிக்காதே என்று பலர் நினைக்கிறார்கள். பாத்திரத்துக்கான எவர்சில்வரைக் காய்ச்சித் தோய்த்தால் கடினம் ஏறாது. வாய் சீக்கிரம் மழுங்கும். கடினம் ஏறக்கூடிய எவர்சில்வர் வகைகளும் உண்டு. சமையல் கத்திகள் அவற்றில் செய்யப்படுகின்றன. காய்கறி நறுக்க அவை நல்லவை. கிளுவை வேலியையும் சீமைக் கருவேலையும் வெட்டுவதற்கு அவற்றை நம்ப வேண்டாம். காட்டு வேலைக்குத் துருப்பிடிக்கும் உருக்கே மேல். துரு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

மடக்குக் கத்தியும் காட்டு வேலைக்கு ஆகாது. மடக்கும் ஆணியில்தான் அதன் பலவீனம் இருக்கிறது. மண்ணும் மரப்பாலும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். அழுத்தி வெட்டும்போது எதிர்பாராமல் மடங்கினால் விரல் போகும். கயிறு அறுக்க அது மடியில் இருக்கலாம். உழைப்புக்கு வாய் முதல் பிடி வரை ஒரே இரும்பாக ஓடும் கருவிதான் வேண்டும்.

லாரிப் பட்டையில் நல்ல கொடுவாள்

நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளும், சங்ககிரியில் லாரித் தொழிலும் மிகுதி. இதனால் இந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு ஒரு வசதி உண்டு. லாரியின் அடியில் சுமை தாங்கும் ஸ்பிரிங் பட்டை பழசானதும் காயலான் கடைக்கு வருகிறது. அந்தப் பட்டைதான் குறைந்த செலவில் கிடைக்கும் உயர்ந்த உருக்கு. அதில் கரி நூற்றுக்கு அரைப் பங்கு முதல் முக்கால் பங்குக்குள் இருக்கும். அதோடு சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் போன்றவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்திருக்கும். அடி தாங்கும், வளைந்தால் நிமிரும், தோய்த்தால் கடினமாகும். நேபாளத்துக் கூர்க்கர்களின் குக்ரிக் கத்திகளில் பலவும் இன்று பழைய லாரிப் பட்டையில்தான் அடிக்கப்படுகின்றன.

காயலான் கடையில் பட்டையைப் பொறுக்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். உடைந்த பட்டையின் உடைந்த இடத்துக்குப் பக்கத்துத் துண்டை வாங்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மயிர்க் கீறல் அதில் ஓடியிருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைப் பொடியாக்கிப் பூச வேண்டும். கீறல் இருந்தால் அதில் தங்கிய எண்ணெய் சுண்ணாம்பில் கோடாக ஊறி நிற்கும். நடுவில் ஆணித் துளை உள்ள துண்டும் வேண்டாம். ஜீப், வேன் பட்டை மெல்லியது, அடிக்க எளிது. லாரிப் பட்டையானால் ஒரு அடி நீளத் துண்டு ஒரு கொடுவாளுக்குத் தாராளமாகப் போதும்.

கிடைத்தது பட்டைதானா, வெறும் இரும்பா என்று தெரியவில்லையா? சாணைச் சக்கரத்தில் லேசாகப் பிடித்துப் பார்க்கலாம். வெறும் இரும்பானால் பொறிகள் நீளமாக, கோடு கோடாக ஓடும். கரி உள்ள உருக்கானால் பொறியின் முனை மத்தாப்புப் போலக் கிளை கிளையாக வெடிக்கும். கொல்லர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கேட்டால் செய்து காட்டுவார்கள்.

பழைய அரத்தை அடித்துக் கொடுவாள் செய்து தருகிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. அரத்தில் கரி மிக அதிகம். சிறு கத்திக்கு ஆகும். ஓங்கி வெட்டும் கருவிக்கு அது எளிதில் நொறுங்கும். கொடுவாளுக்குப் பட்டையே சிறந்தது.

தோய்ச்சல்தான் உயிர்

நல்ல உருக்கு கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி தோய்ச்சலில் இருக்கிறது. அடித்து உருவாக்கிய கொடுவாளை மறுபடி காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பிறகு மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவதே தோய்ச்சல். ஒரே கொல்லர், ஒரே பட்டையில் செய்த இரண்டு கொடுவாள்களில் ஒன்று பத்தாண்டு உழைப்பதற்கும், மற்றொன்று பல்லுடைந்து போவதற்கும் இதுதான் காரணம்.

முதலில் வாய்ப் பகுதியைச் செக்கச் செவேல் என்று காய்ச்ச வேண்டும். சுமார் 770 டிகிரிச் சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சூடு ஏறியதும் எடுக்க வேண்டும். வெயிலில் இந்த நிறம் தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ள கொல்லர்கள் நிழலிலோ மாலையிலோ தோய்ச்சல் வேலையை வைத்துக்கொள்கிறார்கள்.

பட்டை உருக்கைப் பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். எண்ணெயில் தோய்ப்பதே நல்லது. கடலெண்ணெயானாலும் போதும், அதை முன்னதாக வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். வாய் மட்டும் முழுகினால் போதும். முதுகு மெத்தென்று இருந்தால்தான் அடி தாங்கும்.

எண்ணெயிலிருந்து எடுத்த வாய் கண்ணாடி போலக் கடினமாக இருக்கும். கண்ணாடி போலவே உடையும். அதற்காகத்தான் பதப்படுத்துவது. வாயைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடு கொடுத்தால், இரும்பின் மேல் நிறங்கள் நகர்ந்து வருவதைக் காணலாம். முதலில் வைக்கோல் மஞ்சள். அது சுமார் 230 டிகிரி. பிறகு பழுப்பு, சுமார் 260. அடுத்து ஊதா, சுமார் 280. கடைசியில் நீலம், சுமார் 300. கொடுவாளுக்கு வாயில் பழுப்பு போய் ஊதா எட்டிப் பார்க்கும் நேரத்தில் நிறுத்த வேண்டும். முதுகு நீலமாகிவிட்டாலும் கவலை இல்லை. மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். வாயும் நீலத்தைக் கடந்துவிட்டால் மழுங்கும்.

பட்டறையில் சொல்லி அடிக்கும்போது, "எண்ணெயில் தோய்ச்சல் வையுங்கள், முதுகை மெத்தென்று விடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கொல்லர் புரிந்துகொள்வார்.

யாருக்கு, எந்த வேலைக்கு?

பரிசாகக் கொடுக்க நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, வாங்குபவர் என்ன வேலை செய்கிறார் என்பதை. எல்லா வேலைக்கும் ஒரே கொடுவாள் என்று எதுவும் இல்லை.

கரும்பு வெட்டுகிறவருக்கு அகன்ற, நேரான வாய் வேண்டும். கரும்பைத் தரையோடு ஒட்ட வெட்டினால்தான் லாபம். அடிக் கணுக்களில்தான் சர்க்கரை அதிகம். கட்டை உயரமாக நின்றால் மறுதாம்பும் சரியாகத் துளிர்க்காது. ஆகவே குனிந்து வீசும்போது தரைக்கு இணையாகப் போகிற அமைப்பும், மண்ணில் பட்டால் பல் போகாத தோய்ச்சலும் தேவை.

மரவள்ளிக் கரணைக்குக் கனமான கொடுவாள் ஆகாது. கரணை சுமார் 15 செ.மீ. நீளம், 8 முதல் 10 கணுக்களோடு இருக்க வேண்டும். முனை நசுங்காமல், பட்டை உரியாமல் இருக்க வேண்டும். நசுங்கிய முனையில் அழுகல் பிடிக்கும், முளைப்புக் குறையும். மெல்லிய முதுகும் நல்ல கூரும் உள்ள சிறு கத்தியே இதற்குப் பொருத்தம்.

ஆடு வளர்ப்பவருக்கு முனையில் கொக்கி வளைவு உள்ள இலேசான அரிவாள் நல்லது. கிளையை இழுத்துப் பிடிக்கவும் தழை கழிக்கவும் அது உதவும். வேலி வெட்டவும் விறகு பிளக்கவும் தென்னை மட்டை கழிக்கவும் கனமான கொடுவாள் வேண்டும். கதிர் அறுக்கவும் சோளத் தட்டு அறுக்கவும் பல் வைத்த கருக்கரிவாள்தான் ஏற்றது. அதன் வேலையைக் கொடுவாள் செய்யாது.

அளவிலும் கவனம் வேண்டும். கனமான வேலைக்கு முதுகு பிடிப் பக்கத்தில் 5 முதல் 6 மி.மீ. கனமும், மொத்த எடை முக்கால் கிலோவை ஒட்டியும் இருக்கலாம். இலேசான வேலைக்கு 3 முதல் 4 மி.மீ. கனமும், 400 முதல் 500 கிராம் எடையும் போதும். கனம் கூடினால் பலம் கூடும் என்பது தவறான எண்ணம். எடை அதிகமானால் மத்தியானத்துக்குள் கை சோர்ந்துவிடும். கை சோர்ந்தால் வெட்டுக்காயம் பட வாய்ப்பு அதிகம்.

பெண்களுக்கு வாங்கும்போது இதை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும். களை எடுப்பதும் தட்டு அறுப்பதும் தீவனம் வெட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆனால் கடைகளில் தொங்கும் பிடிகள் ஆண்களின் கைக்கு ஏற்ற பருமனில் இருக்கின்றன. பிடியைப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையை ஏறத்தாழத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பிடி பருமன். நகம் உள்ளங்கையில் குத்தினால் பிடி ஒல்லி. இடக்கைப் பழக்கம் உள்ளவரானால் அதையும் கொல்லரிடம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்துத் தீட்டும் கருவிகள் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும்.

கடையில் வாங்கினால் சோதிப்பது எப்படி?

பட்டறைக்குப் போக நேரம் இல்லாதவர்கள் சந்தையிலும் இரும்புக் கடையிலும் வாங்குவார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சி அரிவாளுக்குப் பேர் உண்டு. ஆனால் பேரைக் கேட்டு வாங்குவதைவிட வேலையைப் பார்த்து வாங்குவதே மேல். கீழ்க்கண்ட சோதனைகளுக்குக் காசு செலவில்லை.

ஒன்று, கொடுவாளை முதுகு மேலாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். முதுகும் வாயும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். முறுக்கு இருந்தால் வெட்டு பக்கவாட்டில் வழுக்கும்.

இரண்டு, பிடியை இலேசாகப் பிடித்துக்கொண்டு முதுகைக் கல்லில் தட்ட வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஓட்டைப் பானை போல் ஒலித்தால் விரிசலோ ஆட்டமோ இருக்கிறது என்று பொருள்.

மூன்று, சின்ன அரம் ஒன்றைக் கையோடு கொண்டு போய், கடைக்காரரின் அனுமதியோடு வாயில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். வெண்ணெயைப் போல் அறுத்தால் அது வெறும் இரும்பு. அரம் கொஞ்சமும் பிடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவது போல் வழுக்கினால் பதம் போதாது, பல் உடையும். கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு கடித்தால் சரியான பதம்.

நான்கு, வாயில் நீல நிறம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாணைச் சக்கரத்தில் தண்ணீர் காட்டாமல் அழுத்திப் பிடித்தால் வாய் சூடேறித் தோய்ச்சல் போய்விடும். அந்த நீலத் திட்டு அதற்கு அடையாளம். முதுகில் நீலம் இருக்கலாம், வாயில் கூடாது.

ஐந்து, பிடிக்குள் போகும் வால் பகுதி வாயோடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். மலிவுச் சரக்கில் வாலைத் தனியாக வெல்டிங் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். தோய்ச்சல் ஏறிய உருக்கில் வெல்டிங் வைத்த இடம் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஓங்கி வெட்டும்போது அங்கேதான் முறியும். வால் பிடியின் மறுமுனை வரை சென்று, அங்கே மடக்கி அடிக்கப்பட்டிருந்தால் நம்பலாம். பிடியின் கழுத்தில் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். பிடி மரம் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் ஆட்டம் கொடுக்கும்.

வாங்கிய பிறகு காய்ந்த மூங்கில் கணுவில் பத்து வெட்டு வெட்டிப் பார்க்கலாம். வாய் மடங்கினால் தோய்ச்சல் போதாது. சில்லு பெயர்ந்தால் தோய்ச்சல் அதிகம். இரண்டும் இல்லையென்றால் பரிசாகக் கொடுக்கத் தகுந்ததே.

விலைக் கணக்கு

பட்டறையில் அடிக்கச் சொன்னால் சந்தை விலையைவிட அதிகம் ஆகும் என்று தயங்குவார்கள். ஒரு பேச்சுக்கு, சந்தைக் கொடுவாள் 250 ரூபாய், பட்டறைக் கொடுவாள் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னது ஓராண்டு உழைத்தால், பத்து ஆண்டுக்கு 2,500 ரூபாய். பின்னது பத்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 70 ரூபாய்தான். பட்டையை விவசாயியே கொண்டு போனால் கூலி மட்டும் கொடுத்தால் போதும். தேய்ந்தால் அதே கொல்லரிடம் மறுபடி வாய் அடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு காலத்தில் ஊர்க் கொல்லருக்கு அறுவடையின் போது களத்திலேயே தானியம் அளந்தார்கள். உலையில் கொழு அடிப்பதும் மண்வெட்டிக்கு வாய் வைப்பதும் ஆண்டு முழுவதும் நடந்தன. டிராக்டர் வந்ததும் கொழு வேலை குறைந்தது. தொழிற்சாலைச் சரக்கு வந்ததும் மற்றதும் குறைந்தது. ஊரில் உலை அணைந்துவிட்டால், கொழுவோ கொத்தோ உடைந்த நேரத்தில் பக்கத்து ஊருக்கு ஓட வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒரு கொடுவாளை ஊர்ப் பட்டறையில் அடிப்பது அந்த உலைக்கு ஒரு கூடைக் கரி போட்டது போல.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமென்று செய்யப்பட்ட பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே விவசாயி கொடுவாள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் குற்றச் செயல்களுக்கு அரிவாள் பயன்படுவதைத் தடுக்க, தமிழகக் காவல்துறை 2021 செப்டம்பரில் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுரை வழங்கியது. வாங்குவோரின் விவரத்தைக் குறித்து வைத்து, விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்பது அதன் சாரம். பேரும் முகவரியும் கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை. சொல்லி வாங்க வேண்டும். பஸ்ஸில் கொண்டு வரும்போது வாயில் துணி சுற்றி, சாக்கில் கட்டி எடுத்து வருவது நல்லது. அது சக பயணிகளுக்கும் பாதுகாப்பு.

கூர் காப்பது

கொடுவாளோடு ஒரு தீட்டுக்கல்லும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு முழுமை பெறும். மரம் ஏறுவோர் வெங்கச்சங்கல் பொடியைப் பலகையில் தூவித் தீட்டுவதும் நல்ல முறையே. கல்லை நனைத்துக்கொண்டு, முதுகைச் சற்றே தூக்கி, ஒரே சாய்வில் இரு பக்கமும் மாறி மாறித் தீட்ட வேண்டும். சாய்வு மாறிக்கொண்டே இருந்தால் கூர் வராது. கடைசியில் இலேசாக நாலு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்துவிட வேண்டும். கூரைப் பார்க்க விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டக் கூடாது. குறுக்கே மட்டும் மெதுவாகத் தடவ வேண்டும்.

வேலை முடிந்ததும் மரப்பாலையும் கரும்புச் சாற்றையும் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும். பழைய சைக்கிள் டியூபையோ, நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாயையோ வாய்க்கு உறையாகப் போடலாம்.

விதைக் கரும்பு வெட்டுபவர்களுக்கு மேலும் ஒரு யோசனை. மறுதாம்புக் கரும்பைக் குட்டையாக்கும் நோய், வெட்டும் கத்தி வழியாகவே ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகிறது. அடுத்த வயலில் கை வைக்கும் முன் கத்தியை லைசால் கலந்த நீரில் முக்கி எடுக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காயம் படுவதுண்டு. பட்டால் சாணியோ மண்ணோ காப்பித் தூளோ அப்பக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் தனுர்வாத ஊசி பற்றிக் கேட்க வேண்டும். ரத்தம் நிற்காத காயத்துக்கும், விரல் மடங்காத காயத்துக்கும் தாமதம் கூடவே கூடாது.

கொடுக்கும் முறை

கூரான இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உறவு அறுந்துவிடும் என்பது அவர்கள் பயம். கையில் வெட்டுப்படாமல் இருக்கவும் அந்த வழக்கம் உதவுகிறது. ஐரோப்பாவிலும் இதே பயம் உண்டு. அங்கே கத்தி பரிசு பெறுபவர் பதிலுக்கு ஒரு சிறு காசைக் கொடுத்து, அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிவிடுகிறார். பின்லாந்து நாட்டிலோ பூக்கோ என்ற கத்தியைக் கொடுப்பது, கொடுப்பவர் வாங்குபவரை மதிக்கிறார், நம்புகிறார் என்பதற்கு அடையாளம்.

கொங்கு நாட்டில் மாட்டுப் பொங்கலன்று கலப்பை, மண்வெட்டி, கொடுவாள் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பட்டியில் சார்த்துவது வழக்கம். புதுக் கொடுவாளையும் அந்த வரிசையில் வைத்துவிட்டு, பூசை முடிந்ததும் உரியவரை எடுத்துக்கொள்ளச் சொன்னால், கீழே வைத்து எடுத்ததாகவும் ஆகிவிடும். பெரியவர்களின் மனமும் குறைப்படாது. தோட்டத்து ஆளுக்குக் கொடுப்பதாக இருந்தால், அவருடைய கையளவுக்கு என்று தனியாக அடித்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் சேராத மரியாதை அது.

பொங்கல் நெருங்கிய பிறகு பட்டறைகளில் கூட்டம் நெருக்கும். அவசரத்தில் தோய்ச்சல் கெடும். மார்கழி முதல் வாரத்திலேயே பட்டையைக் கொண்டு போய்க் கொடுத்து, யாருக்கு, என்ன வேலைக்கு, எவ்வளவு கனம் என்பதைச் சொல்லிவிட்டு வந்தால், தை பிறக்கும்போது நல்ல கொடுவாள் ஒன்று தயாராக இருக்கும்.